மாடல் ரயிலை டிசிசிக்கு மாத்தி கம்ப்யூட்டர்ல ஓட்டணுமா? எங்க ஆரம்பிக்கணும்

டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்னு சொன்னாலே நிறைய பேர் மனசுல ஒரு காட்சி ஓடும், ஸ்க்ரீன்ல லேஅவுட் படம் இருக்கு, ஒரு க்ளிக் பண்ணா ரயில் கிளம்புது, பாயிண்ட் (ரயிலை வேற பாதைக்குத் திருப்பற தண்டவாளம்) தானா திரும்புது, அடுத்த ஸ்டேஷன்ல அழகா ஸ்லோ ஆகி நிக்குது. அது நடக்கக்கூடியதுதான். ஆனா அந்த ஒரு காட்சிக்குள்ள மூணு தனித்தனி வேலை இருக்கு. இன்ஜினுக்கு ஆர்டர் சொல்றது ஒண்ணு, எந்த ரயில் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கறது இன்னொண்ணு, இந்த ரெண்டையும் வச்சு அடுத்து என்ன பண்ணலாம்னு முடிவெடுக்கறது மூணாவது. முதல் வேலைக்கு கம்ப்யூட்டரே வேணாம். ரெண்டாவது வேலையை கம்ப்யூட்டரால தனியா செய்யவே முடியாது. மூணாவதுலதான் அது உண்மையிலேயே வேலை பார்க்குது. இது புரியாம நேரா சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்ணி ஆரம்பிக்கிறவங்கதான் பாதியில வெறுத்துப்போய் எல்லாத்தையும் பெட்டியில போட்டு மூடிடறாங்க.

பழைய முறையில இருந்தே பார்த்துடலாம், அப்பதான் என்ன மாறுதுன்னு தெரியும். சாதாரண டிசி (ஒரே திசையில போற கரண்ட்) லேஅவுட்ல கன்ட்ரோலர்ல இருந்து ரெண்டு வயர் வருது, ஒண்ணு இந்த தண்டவாளத்துக்கு, இன்னொண்ணு அந்த தண்டவாளத்துக்கு. குமிழைத் திருகினா 0 வோல்ட்ல இருந்து 12 வோல்ட் வரைக்கும் ஏறும், வோல்டேஜ் ஏற ஏற மோட்டார் வேகமா சுத்தும். பிளஸ் மைனஸை மாத்திப் போட்டா ரிவர்ஸ்ல போகும். அவ்வளவுதான் மொத்த விஷயமும். இதுல நீங்க கன்ட்ரோல் பண்றது தண்டவாளத்தை, இன்ஜினை இல்ல. அதனால அதே தண்டவாளத்துல ரெண்டாவது இன்ஜினைக் கொண்டுவந்து வச்சா ரெண்டும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிக்கும். இதைத் தவிர்க்கறதுக்காக லேஅவுட்டை துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சுவிட்ச் போட்டு, ரயில் நகர நகர நாமளும் சுவிட்சைத் தட்டிக்கிட்டே போகணும். பெரிய லேஅவுட்ல ரயிலைப் பார்க்கற நேரத்தை விட பேனலைப் பார்க்கற நேரம்தான் அதிகம். இன்ஜின் நின்னா ஹெட்லைட்டும் அணைஞ்சிடும், ஏன்னா கரண்டே இல்லையே.

டிசிசியில இது தலைகீழ். தண்டவாளத்துல எப்பவுமே முழு பவர் இருக்கும், எச்ஓ அளவு (நிஜத்துல 87ல ஒரு பங்கு) லேஅவுட்னா சுமார் 14ல இருந்து 16 வோல்ட், ரயில் நின்னாலும் சரி ஓடினாலும் சரி. ஆனா அது நேர்கோடா வர்ற டிசி இல்ல, ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை பிளஸ் மைனஸ் புரண்டுக்கிட்டே இருக்கற சதுர அலை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரளுதுங்கறதுதான் தகவல். ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோசெகண்ட் இருந்தா அது 1, 100 மைக்ரோசெகண்ட் அல்லது அதுக்கு மேல இருந்தா அது 0. அதே ரெண்டு தண்டவாளத்துல பவரும் போகுது, ஆர்டரும் போகுது, தனி சிக்னல் வயர் கிடையாது. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளயும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதுக்குப் பேர் டிகோடர், உக்காந்து இதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். கிளாஸ்ல டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி, கூப்பிடறது எல்லார் காதுலயும் விழும், தன்னோட நம்பர் வந்தா மட்டும் எழுந்திரிக்கணும்.

ஒரே ஒரு ஆர்டரை பிரிச்சுப் பார்க்கலாம், பயப்படாதீங்க, ரொம்ப சின்னது. 3ஆம் நம்பர் இன்ஜின் பாதி வேகத்துல முன்னாடி போகணும்னு வச்சுக்கோங்க. முதல்ல குறைஞ்சது 14 தடவை தொடர்ந்து 1 அனுப்புவாங்க, அது "கவனி, புது ஆர்டர் வருது"ங்கறதுக்கு. அப்புறம் 00000011, அது அட்ரஸ் 3. அடுத்து 01111000, இதுல முதல் ரெண்டு எழுத்து "இது வேகத்துக்கான ஆர்டர்"னு சொல்லுது, மூணாவதா இருக்கற 1 முன்னாடி போன்னு சொல்லுது, மிச்சம் அஞ்சும் சேர்ந்து, வேகத்தை 28 படியா பிரிச்சதுல 14ஆவது படின்னு சொல்லுது. கடைசியா 01111011, இது முன்னாடி வந்த ரெண்டையும் மேல கீழ வச்சு, ஒரே மாதிரி இருந்தா 0, வேற வேற இருந்தா 1ன்னு போட்டு எடுத்தது. நீங்களே பேப்பர்ல போட்டுப் பாருங்க, சரியா வரும். டிகோடரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும், ஒத்துப்போகலைன்னா அந்த ஆர்டரைத் தூக்கிப் போட்டுடும். தண்டவாளத்துல அழுக்கு, சக்கரத்துல அழுக்கு, நடுவுல கான்டாக்ட் போச்சுன்னு ஆயிரம் இடைஞ்சல் இருக்கற இடத்துல இந்த சரிபார்ப்பு இல்லைன்னா இன்ஜின் இஷ்டத்துக்கு ஓடும். இந்த முழு ஆர்டரும் போக சுமார் 6 மில்லிசெகண்ட்தான் ஆகும், அதனால செகண்டுக்கு நூத்துக்கும் மேல அனுப்பலாம். தூக்கிப் போட்டது போகட்டும், அடுத்தது உடனே வந்துடும், ஏன்னா ஆர்டரை அனுப்பற பெட்டியான கமாண்ட் ஸ்டேஷன், ஓடற இன்ஜின் எல்லாத்துக்கும் கடைசியா சொன்ன ஆர்டரையே திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருக்கும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு இடத்துல இது வேலைக்கு வரும்.

இன்னொரு அழகு என்னன்னா, இங்க "முன்னாடி"ங்கறது இன்ஜினோட முன்பக்கம். டிசியில முன்னாடிங்கறது தண்டவாளத்தோட ஒரு திசை, இன்ஜினைத் தூக்கித் திருப்பி வச்சாலும் அதே பக்கம்தான் போகும். டிசிசியில திருப்பி வச்சா ட்ரைவர் எந்தப் பக்கம் பார்க்கறாரோ அந்தப் பக்கம் போகும், நிஜ ரயில் மாதிரி.

இந்த டிசிசியோட அடிப்படையை உருவாக்கினது ஜெர்மனியில இருக்கற லென்ஸ் கம்பெனி, 1980களோட கடைசியில. பின்னாடி அமெரிக்காவுல இருக்கற மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, 1990களோட நடுவுல அதை எடுத்து எல்லாருக்கும் பொதுவான ஸ்டாண்டர்டா ஆக்கிடுச்சு. நமக்கு இதுனால என்ன லாபம்னா ஒரு கம்பெனி கமாண்ட் ஸ்டேஷன், இன்னொரு கம்பெனி டிகோடர், வேற கம்பெனி இன்ஜின்னு கலந்து கட்டி ஓட்டலாம். ஆனா இதுல ஒரு சின்ன பொடி எழுத்து இருக்கு. தண்டவாளத்துல போற சிக்னல்தான் எல்லாருக்கும் பொது. கையில பிடிக்கற த்ராட்டிலுக்கும் கமாண்ட் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஓடற கேபிள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம், டிஜிட்ராக்ஸ்ல லோகோநெட், லென்ஸ்ல எக்ஸ்பிரஸ்நெட்னு போகும். அதனால முதல் கமாண்ட் ஸ்டேஷன் வாங்கும்போது நீங்க ஒரு பெட்டியை மட்டும் வாங்கல, அந்தக் குடும்பத்துக்கே மருமகளாப் போறீங்கன்னு வச்சுக்கோங்க.

வாங்க வேண்டியது பேருக்கு நாலு. டிகோடர் சொல்லியாச்சு. கமாண்ட் ஸ்டேஷன், ஆர்டரை 1, 0 ஆக்கறது. பூஸ்டர், அந்த சிக்னலுக்கு பலம் கொடுத்து தண்டவாளத்துக்கு அனுப்பறது. த்ராட்டில், கையில பிடிச்சுத் திருகறது. ஸ்டார்ட்டர் செட்ல பின்னாடி சொன்ன மூணும் பெரும்பாலும் ஒரே டப்பாவுக்குள்ள வந்துடும். பிரிச்சு யோசிக்கவே வேணாம் ஆரம்பத்துல.

இன்ஜினை மாத்தறது

இப்ப வர்ற இன்ஜின்கள்ல பெரும்பாலும் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், 8 பின், 6 பின், 21 பின், நெக்ஸ்ட்18, ப்ளக்ஸ்22ன்னு அளவுக்கு ஏத்த மாதிரி. மேல இருக்கற கூட்டைக் கழட்டி, டம்மி பிளக்கை உருவிட்டு டிகோடரை செருகினா முடிஞ்சது. 8 பின்ல திருப்பிச் செருகிட வாய்ப்பு இருக்கு, ஒண்ணாம் நம்பர் பின் எதுன்னு பார்த்துட்டு செருகுங்க.

சாக்கெட் இல்லாத பழைய இன்ஜின்தான் கொஞ்சம் பொறுமை கேக்கும், ஆனா அதுலதான் விஷயமே கத்துக்கலாம். டிகோடர்ல இருந்து வர்ற வயர் கலருக்கு ஒரு பொது விதி இருக்கு: சிவப்பு வலது தண்டவாளம், கருப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் லைட், மஞ்சள் பின் லைட், நீலம் லைட்டுக்கெல்லாம் பொதுவான பிளஸ். எல்ஈடி போட்டா நடுவுல ஒரு ரெசிஸ்டர் கண்டிப்பா வேணும், 1000 ஓம் போதும். இதையெல்லாம் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, மோட்டாரோட ரெண்டு முனையும் தண்டவாளத்துல இருந்தும் சேசிஸ்ல இருந்தும் முழுசா துண்டிக்கப்பட்டிருக்கணும். பழைய இன்ஜின்ல மோட்டாரோட ஒரு பிரஷ் நேரா மெட்டல் சேசிஸைத் தொட்டுக்கிட்டு இருக்கும், அந்த சேசிஸ் சக்கரம் வழியா ஒரு தண்டவாளத்தைத் தொடும், அப்படியே டிகோடரைக் கட்டி பவர் போட்டா ஒரு செகண்ட்ல டிகோடர் செத்துடும். மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில வச்சு, ஒரு முனையை மோட்டார் டெர்மினல்லயும் இன்னொரு முனையை சேசிஸ்லயும் வைங்க. பீப் சத்தம் வரக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு சக்கரத்துலயும் வைங்க, வரக்கூடாது. அடுத்த டெர்மினலுக்கும் இதே மாதிரி. இன்ஜினை கையில எடுத்து கொஞ்சம் சாய்ச்சு, ஆட்டி, மறுபடியும் வச்சுப் பாருங்க, ஏன்னா சில சமயம் மோட்டார் லேசா நகர்ந்தா மட்டும் தொடும்.

மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னும் பார்த்துடணும். டிகோடர் போடறதுக்கு முன்னாடி, சாதாரண டிசி 12 வோல்ட்ல அம்மீட்டரை சீரிஸ்ல போட்டு ஓடவிட்டு, சக்கரம் நிக்கற அளவுக்கு விரலால ஒரு நொடி அமுக்குங்க, அப்ப மீட்டர் காட்டற நம்பர்தான் ஸ்டால் கரண்ட். எச்ஓ டிகோடர் நிறைய 1 ஆம்பியர் தாங்கற மாதிரிதான் வருது, மோட்டார் ஒன்றரை இழுத்தா பெரிய டிகோடர் வாங்குங்க இல்லைன்னா மோட்டாரை மாத்துங்க. ஒரு நொடிக்கு மேல அமுக்கிப் பிடிக்காதீங்க, மோட்டார் சூடாகி அதுவும் போயிடும்.

டிகோடர் இல்லாத டிசி இன்ஜினை அப்படியே டிசிசி தண்டவாளத்துல வச்சா என்ன ஆகும்னு எல்லாரும் கேப்பாங்க. ஓடாது, ஆனா உய்ய்ய்னு ஒரு சத்தம் போடும், ஏன்னா அந்த அலை மோட்டாரை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுக்குது. ரொம்ப நேரம் விட்டா சூடாகி மோட்டார் கருகிடும். சில கமாண்ட் ஸ்டேஷன்ல அட்ரஸ் 0ன்னு ஒண்ணைக் கொடுத்து, 0 பிட்டோட ஒரு பக்கத்தை மட்டும் நீட்டி அந்த மாதிரி இன்ஜின் ஒண்ணை ஓட்ட வழி வச்சிருக்காங்க. இருக்குங்கறதுக்காக யூஸ் பண்ணணும்னு இல்ல, நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அதுவும் கோர்லெஸ் மோட்டார் (உள்ள சுத்தற பாகத்துல இரும்பு இல்லாதது)னா கிட்டயே போகாதீங்க.

சிவி, அட்ரஸ்

புது டிகோடர் எல்லாமே அட்ரஸ் 3ல வரும். அஞ்சு இன்ஜினுக்கு டிகோடர் போட்டு நம்பரை மாத்தலைன்னா அஞ்சும் சேர்ந்து கிளம்பும், டிசியே பரவால்லன்னு தோணும். நம்பரை மாத்தறது சிவி வழியா. சிவின்னா டிகோடருக்குள்ள இருக்கற நம்பர் போட்ட அறைகள், ஒவ்வொண்ணுலயும் 0ல இருந்து 255க்குள்ள ஒரு எண் இருக்கும், பவர் போனாலும் மறக்காது. சிவி1ல சின்ன அட்ரஸ், சிவி2ல கிளம்பறதுக்கான குறைஞ்ச வோல்டேஜ், சிவி3ல எவ்வளவு மெதுவா வேகம் ஏறணும், சிவி4ல எவ்வளவு மெதுவா நிக்கணும், சிவி5ல அதிகபட்ச வேகம். சிவி8ல கம்பெனியோட நம்பர் இருக்கும், நிறைய டிகோடர்ல அதுல 8ன்னு எழுதினா ஃபேக்டரி ரீசெட் ஆகும், ஏடாகூடமா எதையாவது எழுதி வச்சு இன்ஜின் அசையவே மாட்டேங்குதுன்னா இதுதான் கடைசி கைவைத்தியம்.

எல்லாரும் குழம்பறது சிவி29ல. அது ஒரு எண் மாதிரி தெரிஞ்சாலும் உள்ள பல சுவிட்சு சேர்ந்தது. திசை திருப்பி இருந்தா 1, 28 அல்லது 128 படி வேகம்னா 2, டிசி தண்டவாளத்துலயும் ஓடலாம்னா 4, பெரிய அட்ரஸ் (நாலு இலக்க நம்பர் மாதிரி)னா 32, எது எது வேணுமோ அதையெல்லாம் கூட்டினா வர்றதுதான் எழுத வேண்டிய நம்பர். பொதுவா 6 இருக்கும், அதாவது 2ம் 4ம். பெரிய அட்ரஸ் போட்டதும் 38. அந்தப் பெரிய அட்ரஸும் நேரா எழுத முடியாது. பிரிட்டனோட புகழ்பெற்ற நீராவி இன்ஜினான ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனோட நம்பர் 4472ஐயே அட்ரஸா வைக்கணும்னா 256ஆல வகுத்து ஈவு 17, மீதி 120, ஈவோட 192ஐக் கூட்டி 209, அதை சிவி17ல எழுதி 120ஐ சிவி18ல எழுதணும். கையால பண்ணலாம், ஒரு தடவை பண்ணிப் பாருங்க, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்கிட்ட விட்டுடுங்க.

சிவியைப் படிக்கறதுக்கு ப்ரோக்ராமிங் ட்ராக்னு தனியா ஒரு சின்ன துண்டு தண்டவாளம் வச்சுக்கணும், அதுல கரண்ட் ரொம்ப கம்மியாத்தான் போகும், வயரிங் தப்பா இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதனால புது டிகோடரோட முதல் பவர் எப்பவுமே இங்கதான். இதுல இன்ஜினை வச்சு சிவியைப் படிக்கச் சொல்லிட்டு கூர்ந்து பாருங்க, இன்ஜின் டிக் டிக்னு லேசா நடுங்கும். டிகோடருக்கு பேச வாய் கிடையாது இல்லையா, கமாண்ட் ஸ்டேஷன் "இந்த அறையில இருக்கறது இதுவா?"ன்னு கேட்கும், ஆமான்னா டிகோடர் மோட்டாரை 6 மில்லிசெகண்ட் ஆன் பண்ணி ஆஃப் பண்ணும், கரண்ட் ஒரு குதி குதிக்கும், அந்தக் குதியைத்தான் பதிலா எடுத்துக்கறாங்க. மோட்டார் சரியா கனெக்ட் ஆகலைன்னா சிவி படிக்க முடியலைன்னு எரர் வர்றதுக்குக் காரணம் இதுதான், டிகோடர் கெட்டுப்போச்சுன்னு அவசரப்பட்டு முடிவு கட்டிடாதீங்க.

தண்டவாளத்துக்கு கீழ

"ரெண்டே வயர் போதும்"னு விளம்பரத்துல சொல்லுவாங்க. மேஜை மேல ஒரு வட்டம்னா போதும். கொஞ்சம் பெரிசானா போதாது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கற ஜாயினர் நாளாக நாளாக லூஸாகும், கருப்பாகும், டிசியில அந்த இடத்துல ரயில் கொஞ்சம் ஸ்லோ ஆகும், டிசிசியில ஆர்டரே போய் சேராது. அதனால லேஅவுட்டுக்கு கீழ ரெண்டு தடி வயரை பஸ்ஸா (எல்லா இடத்துக்கும் பவர் கொண்டுபோற முக்கிய வயரா) ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதுல இருந்து ஒரு சின்ன வயர் ஏத்திடுங்க. முடிச்சதும் ஒரு காசை எடுத்து லேஅவுட்ல அங்கங்க ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க வச்சுப் பாருங்க, எங்க வச்சாலும் பூஸ்டர் உடனே கட் ஆகணும். ஒரு இடத்துல கட் ஆகலைன்னா அங்க வயரிங் மெலிசா இருக்குன்னு அர்த்தம், 5 ஆம்பியர் 15 வோல்ட்னா 75 வாட், கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னை பெட்டியோட சக்கரத்துல வச்ச மாதிரி, பிளாஸ்டிக் உருகிடும்.

பழைய டிசி செட்ல இருந்து எடுத்த பவர் கிளிப்புக்குள்ள ரேடியோ இரைச்சலைக் குறைக்க ஒரு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும். அது டிசிசி அலையோட விளிம்பை மழுக்கிடும். இன்ஜின் காரணமே இல்லாம சொன்ன பேச்சைக் கேக்கலைன்னா அதைத் தேடிப் பாருங்க. அதே மாதிரி பழைய டிசி கன்ட்ரோலரை லேஅவுட்ல ஒரு மூலையில இணைச்சே வச்சிருக்காதீங்க, ரெண்டும் ஒரு சக்கரம் வழியா சந்திச்சா ரெண்டுல ஒண்ணு காலி.

தண்டவாளம் சுத்தி வந்து தன்னையே சந்திக்கற லூப் இருந்தா வலது தண்டவாளம் இடது தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும், இது டிசியிலயும் உண்டு. டிசிசியில இதுக்கு ஆட்டோ ரிவர்சர்னு ஒரு மாட்யூல் கிடைக்குது, லூப்போட ரெண்டு முனையிலயும் ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டி அதுக்குள்ள இருக்கற துண்டை இந்த மாட்யூல்ல கொடுத்துட்டா ஷார்ட்டைப் பார்த்ததும் அதுவே மாத்திடும். ரயில் நிக்கவே நிக்காது, ஏன்னா முன்ன பின்ன போறதை டிகோடர் முடிவு பண்ணுது, தண்டவாளத்தோட பிளஸ் மைனஸ் இல்ல. லூப்புக்குள்ள முழு ரயிலும் அடங்கணும், அது மட்டும் பாத்துக்கோங்க.

இப்ப கம்ப்யூட்டர்

இவ்வளவு தூரம் கம்ப்யூட்டர் வரவே இல்ல கவனிச்சீங்களா. இது வரைக்கும் ஆனாலே நாலு இன்ஜினை ஒரே தண்டவாளத்துல தனித்தனியா ஓட்டலாம், நிக்கும்போதும் லைட் எரியும், டிகோடர்ல சவுண்ட் இருந்தா ஹாரன் அடிக்கலாம். இங்கயே திருப்தியாகி நின்னுட்டவங்க எத்தனையோ பேர், அதுல ஒரு தப்பும் இல்ல.

கம்ப்யூட்டர் தண்டவாளத்தோட நேரா பேசாது. யூஎஸ்பி இல்லைன்னா நெட்வொர்க் வழியா கமாண்ட் ஸ்டேஷனோட பேசும், அது தண்டவாளத்தோட பேசும். அதனால கமாண்ட் ஸ்டேஷன் வாங்கும்போதே கம்ப்யூட்டர் கனெக்ஷன் இருக்கா, இல்ல அதுக்குத் தனியா இன்டர்ஃபேஸ் வாங்கணுமான்னு கேட்டுக்கோங்க. சால்டரிங், ஆர்டுயினோ எல்லாம் பழக்கம் இருக்குன்னா டிசிசி-இஎக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு, ஆர்டுயினோ மெகா மேல ஒரு மோட்டார் ஷீல்டை மாட்டினா அதுவே கமாண்ட் ஸ்டேஷன் ஆயிடும்.

சாஃப்ட்வேர்ல முதல்ல தொட வேண்டியது ஜேஎம்ஆர்ஐ. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டரே போதும். இதை ஆரம்பிச்சவர் பாப் ஜேக்கப்சன்ங்கற இயற்பியல்காரர். இவர் போட்ட ஒரு கேஸ்ல 2008ல அமெரிக்க அப்பீல் கோர்ட் கொடுத்த தீர்ப்பு, ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸை மீறினா அது காப்பிரைட் மீறலாவே ஆகலாம்னு சொல்லுச்சு. பொம்மை ரயில் ஓட்டற சாஃப்ட்வேரால உலகத்துல இருக்கற ப்ரோக்ராமர் எல்லாருக்கும் நல்லது நடந்த கதை அது.

அதுக்குள்ள டிகோடர்ப்ரோன்னு ஒரு பகுதி இருக்கு, கம்ப்யூட்டரை நீங்க வேற எதுக்குமே யூஸ் பண்ணலைன்னாலும் இதுக்காகவே இணைக்கலாம். மேல பார்த்த சிவி29 கணக்கு, 4472 கணக்கு எல்லாம் இங்க வெறும் டிக் பாக்ஸ். ஒவ்வொரு இன்ஜினோட செட்டிங்கும் ரோஸ்டர்னு ஒரு லிஸ்ட்ல சேவ் ஆயிடும். டிகோடர் புகைஞ்சு போய் அதே மாடல்ல புதுசு போட்டாலும், சேவ் பண்ணினதை அப்படியே எழுதிட்டா பழைய இன்ஜின் திரும்ப வந்துடும். ரெண்டு இன்ஜினை ஒரே ரயில்ல மாட்டி இழுக்க வைக்கணும்னா ரெண்டோட வேகமும் ஒத்துப்போகணும், அதுக்கு சிவி67ல இருந்து 94 வரைக்கும் 28 எண் எழுதணும், ஸ்க்ரீன்ல கோடு கோடா இருக்கற ஸ்லைடரை இழுத்துப் பண்ணும்போது அது விளையாட்டு, த்ராட்டில்ல பட்டனைத் தட்டித் தட்டிப் பண்ணும்போது தண்டனை. இன்னொண்ணு, ஜேஎம்ஆர்ஐல வைத்ராட்டில் சர்வரை ஆன் பண்ணினா வீட்டு வைஃபையில இருக்கற போன்லாம் த்ராட்டில் ஆயிடும், ஆண்ட்ராய்டுல எஞ்சின் டிரைவர்னு ஒரு ஆப் இருக்கு. வர்றவங்க கையில ஆளுக்கு ஒரு ரயில் கொடுக்கலாம்.

தானா ஓடற ரயில் வேணும்னாதான் விஷயம் கனமாகுது. ஏன்னா கம்ப்யூட்டருக்கு கண்ணு கிடையாது. அடிப்படை டிசிசியில ஆர்டர் ஒரு பக்கமாத்தான் போகுது, இன்ஜின் "நான் இங்க இருக்கேன்"னு திரும்ப சொல்றது இல்ல. 3ஆம் நம்பருக்கு பாதி வேகம் சொன்னது கம்ப்யூட்டருக்குத் தெரியும், அது இப்ப ஸ்டேஷன்ல இருக்கா, டனல்ல கவுந்து கிடக்கான்னு தெரியாது. அதனால லேஅவுட்டை மறுபடியும் பிளாக் பிளாக்கா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிடெக்டர் போடணும். பிளாக்குன்னு டிசியில பார்த்தோமே, அதேதான், ஆனா இந்த தடவை பவரை மாத்தறதுக்கு இல்ல, யாராவது இருக்காங்களான்னு பார்க்கறதுக்கு. இன்ஜின் நின்னாலும் டிகோடர் கொஞ்சம் கரண்ட் இழுக்கும், டிடெக்டர் அதைப் பார்த்து "ஆள் இருக்கு"ன்னு சொல்லும். லைட் இல்லாத பெட்டி கரண்ட் இழுக்காது, தனியா கழண்டு நின்னா கம்ப்யூட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது, அதனால குறைஞ்சது கடைசிப் பெட்டிக்காவது அச்சுல 10,000 ஓம் ரெசிஸ்டர் போட்ட சக்கரம் மாட்டுவாங்க, 15 வோல்ட்ல அது ஒன்றரை மில்லிஆம்பியர் இழுக்கும், நல்ல டிடெக்டருக்கு அது போதும். ரெயில்காம்னு ஒரு வசதி இருக்கற டிகோடர்னா தன்னோட அட்ரஸையே திரும்ப அனுப்பும், அப்ப ஆள் இருக்குங்கறதோட யார்னும் தெரிஞ்சிடும், ஆனா கேட்கறதுக்கு அதுக்குன்னே டிடெக்டர் வேணும். எப்படிப் பார்த்தாலும் காசும் உழைப்பும் கம்ப்யூட்டருக்கு ஆகறதை விட இந்த டிடெக்டர், பாயிண்ட் மோட்டார், வயரிங்குக்குத்தான் ஆகும்.

இது ரெடியாச்சுன்னா ஜேஎம்ஆர்ஐலயே டிஸ்பாட்சர்னு பகுதி இருக்கு, ராக்ரெயில், ஐட்ரெயின், ட்ரெயின்கன்ட்ரோலர்னு தனி சாஃப்ட்வேர்களும் இருக்கு. எல்லாமே அடிப்படையில ஒரே லாஜிக்தான், அடுத்த பிளாக் காலியா இருந்தா அதை இந்த ரயிலுக்கு ரிசர்வ் பண்ணு, பாயிண்டைத் திருப்பு, போக விடு, இல்லைன்னா நிறுத்து. பிளாக்கு உங்களோட நீளமான ரயிலை விட நீளமா இருக்கணும். ரயில் சரியா பிளாட்ஃபாரம்ல நிக்கணும்னா சாஃப்ட்வேர் ஒவ்வொரு இன்ஜினையும் ரெண்டு டிடெக்டருக்கு நடுவுல பல வேகத்துல முன்னும் பின்னும் ஓட்டி அளந்து வச்சுக்கும். அப்ப சிவி3, சிவி4 ரெண்டையும் ரொம்ப கம்மி பண்ணிடுங்க, டிகோடரும் மெதுவா நிறுத்தப் பார்த்து கம்ப்யூட்டரும் மெதுவா நிறுத்தப் பார்த்தா ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நிக்கும். முதல்ல ஒரு லூப், மூணு பிளாக், ஒரே ஒரு ரயில், அது ஒரு சாயங்காலம் முழுக்க தப்பில்லாம சுத்தினா ரெண்டாவது ரயிலை விடுங்க.

இப்ப அந்த ஞாபகம் வச்சுக்கச் சொன்ன வரி. கமாண்ட் ஸ்டேஷன் கடைசியா கேட்ட ஆர்டரைத் திரும்பத் திரும்ப அனுப்பும்னு சொன்னேன் இல்லையா, ரயில் ஓடிக்கிட்டு இருக்கும்போது கம்ப்யூட்டர் ஸ்லீப் மோடுக்குப் போச்சுன்னா, அப்டேட் போட்டுக்கிட்டு ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, யூஎஸ்பி கேபிள் கழண்டுச்சுன்னா, ரயில் நிக்கும்னு நினைச்சுடாதீங்க. பெரும்பாலான செட்டப்ல நிக்காது. "பாதி வேகம் முன்னாடி"ங்கறதுதான் கடைசி ஆர்டர்னா அது அப்படியே போய்க்கிட்டே இருக்கும், முன்னாடி நிக்கற ரயிலைப் பத்தி அதுக்கு யாரும் சொல்லப் போறதில்ல. அதனால ஓட்டறதுக்கு முன்னாடி ஸ்லீப், ஆட்டோ அப்டேட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, கம்ப்யூட்டர் வழியா போகாம நேரா தண்டவாளத்தோட பவரை வெட்டற ஒரு எமர்ஜென்சி பட்டனை கை எட்டற தூரத்துல மேஜை விளிம்புல பொருத்தி வைங்க, ரோஸ்டர் ஃபைலை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து வைங்க.